வட்டமடித்தது போதும், கரைக்கு வாருங்கள்

தூத்துக்குடி காலை நடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள காலை நடைக்காரர்களுக்கு,

விடியுமுன் தருவை மைதானத்தை வட்டமடிப்பவர்கள், ரோச் பூங்காவுக்குள் போனில் பாட்டுக் கேட்டபடி சுற்றுபவர்கள், தெருநாய்க்குப் பயந்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எட்டு போடுபவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். புத்தி சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் 31 வருடம் உட்கார்ந்தே பில் எழுதி, சர்க்கரை ஏறி, "நடக்கிறீங்களா, ஊசி போட்டுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்ட பிறகு நடக்க ஆரம்பித்தவன் நான். நாலு வருடம் உங்களோடுதான் சுற்றினேன். கணக்கு மறந்துபோகக் கூடாதே என்று பாக்கெட்டில் பத்துப் புளியங்கொட்டை வைத்திருப்பேன். சுற்றுக்கு ஒன்று இடப் பையிலிருந்து வலப் பைக்கு மாறும்.

போன பொங்கலுக்கு வண்ணார்பேட்டையிலிருந்து அத்தான் வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர்களைத் தெரியுமே, பேச்சை எங்கே தொடங்கினாலும் தாமிரபரணியில் கொண்டுபோய்த்தான் முடிப்பார்கள். அவர் தினமும் பேராச்சியம்மன் படித்துறைப் பக்கம் நடந்துவிட்டு, ஆற்றில் ஒரு முங்கு போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவர். என்னோடு மைதானத்துக்கு வந்தார். மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டார்.

"ஏடே, செக்குமாடு மாதிரி இதையே எத்தன மட்டம்டே சுத்துவ? காலாற நடக்க ஒரு ஆத்தங்கரை உண்டா உங்க ஊர்ல?"

சிறையில் செக்கிழுத்த வ.உ.சி. வாழ்ந்த ஊர்க்காரனைப் பார்த்துச் செக்குமாடு என்றது கொஞ்சம் சுருக்கென்றுதான் தைத்தது. ஆனால் பதில் வரவில்லை. அவர் ஊருக்குப் போன மறுநாளிலிருந்து நான் மைதானத்துக்கு வருவதில்லை. "ஆளைக் காணோமே, உடம்புக்கு என்ன?" என்று சிலர் விசாரித்ததாகக் கேள்வி. உடம்புக்கு ஒன்றுமில்லை. கடற்கரையோரம் திரேஸ்புரத்திலிருந்து ரோச் பூங்கா வரைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். நீங்களும் வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தானுக்கு இப்போது பதில் சொல்வேன். ஆற்றங்கரையில் இல்லாததால்தான் இந்த ஊருக்கே வாழ்வு வந்தது. தாமிரபரணி கடலில் சேரும் முகத்தில் முதலில் கொற்கை இருந்தது. பாண்டியர் துறைமுகம், சங்கப் பாட்டுகளில் முத்துக்குப் பேர்போன ஊர். ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளித் தள்ளி விட்டது. இன்று கொற்கைக்குப் போனால் வயலும் வாழையும் ஒரு கிழட்டு வன்னி மரமும் பார்க்கலாம், கடலைப் பார்க்க முடியாது. அடுத்து காயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து, அரபு நாட்டுக் குதிரைகள் இறங்கும் துறை என்று எழுதி வைத்தார். அதையும் வண்டல் மூடியது. அதன் பேரே பழையகாயல் ஆகிவிட்டது. பிறகு போர்த்துக்கீசியர் புன்னைக்காயலில் இருந்து பார்த்தார்கள். கடைசியில் கப்பல்காரர்கள் எல்லோரும் ஆற்று முகத்தை விட்டு வடக்கே ஒதுங்கி, முயல் தீவு மறைப்புக் கொடுக்கும் இந்தக் கரையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு தூர்த்த துறைமுகங்களின் வாரிசு நம் ஊர். அத்தானிடம் இதைப் போனில் சொன்னேன். "சரிடே, குடிக்கத் தண்ணி?" என்றார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வழி ரொம்பச் சுலபம். மொத்தம் மூன்று, மூன்றரை கிலோமீட்டர் இருக்கும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, படி இல்லை. முட்டுவலிக்காரர்கள் தாராளமாக வரலாம். கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போய்க்கொண்டே இருந்தால் சரி, தொலைந்துபோகவே முடியாது. கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்துதான் கிளம்பும். ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் நம் ஊர் வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொடங்குகிற இடம் அழகான இடம் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திரேஸ்புரத்தில் பக்கிள் ஓடை கடலில் விழுகிற இடம் அது. மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். பொத்திக்கொண்டாவது ஒரு நிமிடம் நில்லுங்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பேரைச் சுமந்துகொண்டு ஊருக்கு நடுவே ஓடிவருகிற இந்த ஓடைதான் நம் வீட்டுக் கழிவையும் மழை வெள்ளத்தையும் கடலுக்குக் கொண்டுபோகிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மாடியிலிருந்து கயிறு கட்டிப் பால் பாக்கெட் வாங்கினோம். "தண்ணி ஏன் வடியல?" என்று அன்று கேட்ட நம்மில் எத்தனை பேர், அது வடிய வேண்டிய வாயை ஒரு தடவையாவது நேரில் பார்த்திருப்போம்? நான் 60 வயதுக்கு மேல்தான் பார்த்தேன். அத்தான் ஊரில் ஆறு தொடங்கும் பொதிகையைக் கும்பிடுகிறார்கள். நாம் நம் ஓடை முடிகிற இடத்தையாவது பார்த்து வைப்போம்.

திரேஸ்புரம் நாட்டுப்படகுக்காரர்கள் கரை. வள்ளங்கள் வரிசையாகக் கிடக்கும். இரவு வலை போட்டவர்கள் விடிகாலையில் வந்து சேர்வார்கள். வலையிலிருந்து மீனைக் கழற்றும் கைகளின் வேகத்தைப் பார்த்தால் நம் பத்துச் சுற்றுப் பெருமை போய்விடும். சங்கு குளிப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். முத்துக்குளி நின்று அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. சங்குகுளி நிற்கவில்லை. முன்பெல்லாம் கல்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார்கள். இப்போது கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அதிக நேரம் அடியில் இருக்கலாம், அதிகமாக எடுக்கலாம். அவசரமாக மேலே வந்தால் கை கால் விளங்காமல் போகலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சின்ன வயதில் அப்பாவோடு ஒரு சங்குக் கிட்டங்கிக்குப் போன ஞாபகம் இருக்கிறது. ஒரு பெரியவர் மரப்பலகை ஒன்றை மடியில் வைத்திருந்தார். பலகையில் வட்டமாக ஓர் ஓட்டை. ஒவ்வொரு சங்காக எடுத்து அதில் விடுவார். ஓட்டையில் நழுவிக் கீழே விழுந்தால் சிறுசு, ஒதுக்க வேண்டியது. மாட்டிக்கொண்டு நின்றால் விலைக்கு ஆகும். ஒவ்வொன்றும் விழும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். கணக்கப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டே கோடு போடுவார். தேறிய சங்கெல்லாம் வங்காளத்துக்குப் போய், அறுபட்டு, கல்யாணப் பெண்களின் கையில் வளையலாக ஏறியது. நம் கடலை நம்பிக் கல்கத்தாவில் ஒரு கல்யாணம் நடந்தது என்று அப்பா சொல்லுவார். ஜேம்ஸ் ஹார்னெல் என்ற அதிகாரி நம் ஊரில் முத்து, சங்குத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்; சங்கைப் பற்றி மட்டுமே 1914-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். உள்ளூர்க்காரர்கள் நாம் அந்தக் கரையில் நடக்கக்கூட இல்லை.

அங்கிருந்து தெற்கே வரும்போது பழைய வீடுகளின், கிட்டங்கிகளின் சுவர்களைக் கவனியுங்கள். சாந்து உதிர்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் கல் தெரியும்: துளைத் துளையாக, கை வைத்தால் உறுத்தும். அது மலைக் கல் இல்லை, முருகைக்கல். கடலுக்கடியில் பவளப் பூச்சிகள் கட்டிய பாறையை வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள். சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். நம் ஊரின் பாதி கடலிலிருந்து வந்தது என்றால் அது வெறும் பேச்சு இல்லை. அதற்கான விலையையும் கடல் வாங்கியது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவற்றில் நம் பக்கத்து விலங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. வான் தீவு கரைந்து சுருங்கிவிட்டது. அலையை உடைக்கும் பவளப் பாறையை அள்ளிக்கொண்டு வந்து சுவராக்கினால் தீவு எதை நம்பி நிற்கும்? பேரப்பிள்ளை கூட வந்தால் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் பவளப் பாறை படமாகத்தான் இருக்கும்.

பழைய துறைமுகம் வந்ததும் என் நடை நின்றுவிடும். டாக்டர் மன்னிக்கட்டும். நான் பில் எழுதிய பாதிச் சரக்கு இங்கிருந்துதான் தோணி ஏறியது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், உருளைக்கிழங்கு, கட்டடச் சாமான் என்று ஏற்றிக்கொண்டு போகும் மரக்கலங்கள் அவை. பாய்மரம், பிற்பாடு அதோடு எஞ்சின். தோணியை ஓட்டும் தண்டல்கள் என்னிடம் கையெழுத்துப் போட வருவார்கள். மாலேயில் எந்தக் கடையில் என்ன விலை என்பது முதல் இன்றைக்கு ராத்திரி கொண்டல் அடிக்குமா, வாடை திரும்புமா என்பது வரை சொல்லுவார்கள். தென்மேற்குக் காற்று மாதங்களில் தோணி ஓடாது. அப்போது வந்தால் கலப்பத்து அடிக்கும் சத்தம் கேட்கலாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை வைத்து உளியால் திணித்துக் கொட்டாப்புளியால் அடிப்பார்கள். ஒருவர் அடித்தால் 'டக்'. நாலு பேர் நாலு பக்கம் அடித்தால் அதற்கென்று ஒரு தாளம் வந்துவிடும். ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலில் இந்த உலகத்தை எழுதிவிட்டார். அதற்கு 2013-இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. படிக்க நேரமில்லாதவர்கள் காதைக் கொடுத்தாலே போதும்.

இந்தக் கரையில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகில் போய் ஏற வேண்டும். கரிசல் காட்டுப் பஞ்சு மாட்டு வண்டிகளில் வந்த வழிக்குத்தான் கிரேட் காட்டன் ரோடு என்று பேர். 1876-இல் ரயில் வந்தது. 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். அதில் வியாபாரிகள் உண்டு, வெள்ளைக்காரர்கள் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனங்களும் உண்டு. அவர்களில் பலர் கடைசியாகப் பார்த்த தாய்நாட்டு மண் இந்தக் கரைதான்.

வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தக் கொழும்புப் பாதையை நம்பித்தான். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. 1907-இல் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்தது. இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் அவர்கள், சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள், குடையும் தருகிறோம் என்றார்கள். அந்தக் குடையை வாங்கிக்கொண்டு போன புண்ணியவான்களும் நம் ஊர்க்காரர்களாகத்தானே இருந்திருப்பார்கள்! கப்பலோட்டிய தமிழனைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்வது நல்லது. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் வேலைநிறுத்தம் தொடங்கிய நாள்களில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய கூட்டங்கள் இந்தக் கடற்கரையில்தான் நடந்தன. மார்ச் 12-ஆம் தேதி கைது. அப்புறம் நடந்ததைச் செக்கு சொல்லும்.

பக்கத்திலேயே ஒல்லாந்தர் 1750-இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் இருக்கிறது. அவர்கள் 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்தவர்கள். 1825-இல் ஆங்கிலேயரிடம் நிரந்தரமாக விட்டுப் போனார்கள். அவர்கள் கம்பெனியின் சுருக்கப் பேர் வி.ஓ.சி.! காசிலும் அந்த மூன்று எழுத்துதான் பொறித்திருக்கும். 1602-இல் ஒல்லாந்தில் சேர்ந்த மூன்று எழுத்து, 1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த ஒருவருக்கும் வாய்த்து, 2011 முதல் நம் துறைமுகத்தின் பேராகவும் ஆகிவிட்டது. கப்பல்காரர்கள் வந்து கேட்டால் எந்த வி.ஓ.சி. என்று விளக்கிச் சொல்லுங்கள்.

பனிமய மாதா பேராலயத்தைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1713 ஆகஸ்ட் 5-இல் திறந்த கோயில், 1982-இல் பேராலயமானது. 1806-இல் முதல் தங்கத் தேர் ஓடியது. கடைசியாக 2023-இல் ஓடியபோது நீங்களும் கூட்டத்தில் நசுங்கியிருப்பீர்கள். எனக்குப் பிடித்தது பேர்தான். 'தஸ் நேவிஸ்' என்றால் போர்த்துக்கீசில் 'பனியின்' என்று அர்த்தம். ரோமில் கோடைகாலத்தில் பனி பெய்த அற்புதத்தை வைத்து வந்த பேர். பனி என்றால் மார்கழியில் புல் நுனியில் நிற்கும் சொட்டு மட்டுமே தெரிந்த உப்பள ஊரில், வெயில் கொளுத்தும் ஜூலை 26-இல் கொடியேற்றி அதைக் கொண்டாடுகிறோம். அதில் எந்தச் சாதிக்காரன், எந்த மதத்துக்காரன் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் அம்மா செவ்வாய்க்கிழமை சிவன் கோயிலுக்குப் போய்விட்டு, வருகிற வழியில் மாதாவுக்கு மெழுகுவத்தி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வருவாள்.

இன்னொரு நடையும் இந்தக் கோயில் பக்கமிருந்துதான் கிளம்பியது. 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி, கலெக்டர் ஆபீஸை நோக்கி. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அந்த இடத்தில் நான் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டுத்தான் நடக்கிறேன். நீங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டும்போது ஒரு வேண்டுகோள். நம் விசைப்படகுகள் விடியுமுன் போய் அன்றைக்கு இரவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது இந்த ஊர் விதி. அதனால் நாம் நடக்கிற நேரத்தில் ஐஸ் வண்டி, டீசல் கேன், கூடை சுமக்கும் பெண்கள் என்று எல்லாமே அவசரத்தில் இருக்கும். வழியை விட்டு நடங்கள். மீனைப் படம் எடுங்கள், மீன்காரம்மாவைக் கேட்காமல் எடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாள் இடமே வெறிச்சென்று கிடக்கும். "இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று அப்போது யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் அடுப்பு எரியாததால் வந்த சுத்தம் அது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் முதல் காலை ஏழரை வரை வண்டியை விடுவதில்லை, நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று நடைக்காரர்கள் சிலர் மனுக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கொழும்பில் 1859-இல் கவர்னர் ஹென்றி வார்ட், பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்க வேண்டும் என்று காலி முகத் திடலைத் திருத்திக் கல்வெட்டும் வைத்தார். அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் அதெல்லாம் உலாவுவதற்கென்று விட்ட இடம். நம் பீச் ரோடு தொழில் நடக்கிற இடம். மீன் வண்டியை மறித்துவிட்டு நமக்குக் கொழுப்புக் குறைய வேண்டாம். அந்த மனுவில் என் கையெழுத்து இருக்காது. நடைபாதையில் கடை சாமானும் பைக்கும் நிற்காமல் இருக்கட்டும், ரோட்டோரம் பூவரசும் வேம்பும் வைக்கட்டும், பெண்கள் போகிற மாதிரி இரண்டு இடத்தில் கழிப்பறை இருக்கட்டும். இதற்கு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். கழிப்பறை இல்லாததால்தான் என் வீட்டுக்காரி பாதி வழியோடு திரும்பிவிடுகிறாள்.

ரோச் பூங்கா பக்கம் வந்துவிட்டால் தெற்கே அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். பக்கத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். வாசலைத் தாண்டிப் போய்விடாதீர்கள், நம் ஊர் முத்துக் கதை அங்கேதான் முடிகிறது. 1961-இல் கடைசி முத்துக்குளி நடந்தது. முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பார்களில் அதற்கப்புறம் குளிக்கிற அளவுக்குச் சிப்பி தேறவில்லை. அந்தக் கடைசி வருடங்களைப் பார்த்தவர்கள் முத்தின் அழகைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நாற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சிப்பியைக் கரையில் குவித்து, அழுகவிட்டு, ஈ மொய்க்க மொய்க்கக் கழுவி, வண்டலில் கைவிட்டு முத்தைத் தேடுவார்கள். பத்துச் சிப்பிக்கு ஒன்று என்றெல்லாம் கிடைக்காது. சட்டை துவைத்தாலும் போகாதாம் அந்த வாடை. 12 வருடம் கழித்து, 1973-இல், இந்த ஊர் நிலையத்தில்தான் இந்திய விஞ்ஞானிகள் கடல் சிப்பிக்குள் ஒரு மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் வைத்து முத்து விளைவித்தார்கள். ஜப்பான்காரர்கள் ரகசியமாக வைத்திருந்த வித்தை. உலகமே வளர்ப்பு முத்துக்கு மாறி, நம் எதிர்க்கரைக் குளியாளியும் பாரசீக வளைகுடாக் குளியாளியும் வேறு தொழில் தேடிப் போனது இதற்கெல்லாம் முன்னால் நடந்துவிட்ட கதை. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் முத்துநகர் என்று பேர் வைத்திருக்கிறோம். அந்த முத்து கடைசியாக எங்கே விளைந்தது என்று கேட்டால் கையை நீட்டிக் காட்ட இந்த வாசல் இருக்கிறது.

பூங்காவில் குரூஸ் பர்னாந்துக்கு 2023-இல் மணிமண்டபம் திறந்தார்கள். நீங்கள் அதைப் பலமுறை சுற்றியிருப்பீர்கள். அத்தானுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. உப்பு நீர் ஊர் இது. கிணறு தோண்டினால் கரிக்கும். குடிதண்ணீரை விலைக்கு வாங்கிய காலம் உண்டு. நகராட்சித் தலைவராக ஐந்து முறை இருந்த அந்த மனிதர், வல்லநாட்டிலிருந்து குழாய் போட்டு 1927-இல் தாமிரபரணியை இங்கே கொண்டுவந்தார். ஆற்றங்கரைக்கு ஊர் வந்ததைத்தான் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இங்கே ஆறு குழாய்க்குள் நுழைந்து ஊருக்கு வந்தது. அத்தானிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப நீங்க குடிக்கது எங்க தண்ணிதான்னு ஒத்துக்கிடுதியா?" என்றார். ஒத்துக்கொண்டேன்.

தினமும் வாருங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் மைதானமும் வேண்டும், மாடி எட்டும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் வட்டத்தை விட்டுவிடுங்கள். காலை ஐந்தரைக்குத் திரேஸ்புரத்தில் ஓடைப் பக்கம் நிற்பேன். தனியாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும்; என்னோடு வந்தால் ஒன்றரை மணி, நான் வாய் ஓயாமல் பேசுவேன். பெண்கள் சேர்ந்து வந்தால் துணைக்கு ஆள் இருக்கும். பேரன் பேத்தியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். முடிந்ததும் அவர்களுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுக்கலாம். நமக்குச் சர்க்கரை, நாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

புளியங்கொட்டையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு நாலு வருடம் சுற்றியவன்